பாயின்ட் புல்லட்டுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்: சேலத்து வெயிலும் ஏற்காடு ஏற்றமும் சொல்லும் தீர்ப்பு

ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தில் திறந்து மூடும் பாயின்ட், அது கருகாமல் காக்கும் கண்டென்சர் இரண்டோடும் வந்த பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 350-க்கு இப்போது கிடைக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் பேட்டரி, ரெக்டிஃபையர், எர்த் மூன்றையும் சரி செய்துவிட வேண்டும். பூட்டிய பிறகு, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்து, முழு அட்வான்ஸில் (வேகம் ஏற ஏற ஸ்பார்க் முன்னதாக வருவதுதான் அட்வான்ஸ்; அதன் உச்சம்) டைமிங் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காத வண்டியில் கிட்டைப் போட்டால், ஒழுங்காகச் செட் செய்த பாயின்ட்டே தேவலை என்றுதான் தோன்றும். கிட்டோடு வரும் ஒற்றைத் தாளில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. சேலத்தில் பல வண்டிகளில் கிட்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி பாயின்ட்டுக்கே திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கிட் இல்லை, அந்தத் தாள்தான்.

பெட்டிக்குள் இருப்பது இவ்வளவு: காந்தம் நேரே வருவதை உணரும் ஹால் சென்சார் பொருத்திய வட்டத் தகடு, எதிரெதிரே இரண்டு காந்தம் பதித்த சின்ன ரோட்டர், எபாக்சி ஊற்றி மூடிய மின்னணுப் பெட்டியான மாட்யூல், கொஞ்சம் வயர், நாலு திருகு. பாயின்ட் தகடு இருந்த இடத்தில் சென்சார் தகடு உட்காரும். கேம் இருந்த இடத்தில் ரோட்டர். அட்வான்ஸ் மாட்யூலுக்குள்ளேயே இருப்பதால் அடியில் இருந்துகொண்டு, வேகம் ஏறும்போது விரிந்து அட்வான்ஸ் கொடுத்துவந்த பாப் வெயிட், ஸ்பிரிங் இரண்டுக்கும் வேலை இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு பாயர் பிரான்ஸ்டன் போன்றவர்கள் வெகுகாலமாகச் செய்துவருவதும் இதே அடிப்படையில்தான். என்ன, அவர்களுடைய பழைய கிட்களில் ஹால் சென்சாருக்குப் பதில் காயில் சுற்றிய பிக்கப் இருக்கும்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள பெயரைவிட வகையைத்தான் பார்க்க வேண்டும். பாப் வெயிட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பாயின்ட்டுக்குப் பதிலாக மட்டும் வேலை செய்கிற கிட் ஒரு வகை. அட்வான்ஸும் தானே செய்கிற கிட் இன்னொரு வகை. இரண்டாவது வகையை வாங்கிவிட்டு பாப் வெயிட்டையும் விட்டுவைத்தால் அட்வான்ஸ் இரண்டு முறை ஏறும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. வண்டி சமதரையில் பறப்பதுபோலக்கூட இருக்கும். ஏற்காடு சாலையில் கோரிமேடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இன்ஜின் கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் தட்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போகும். எந்த வகை என்று கடைக்காரரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம்.

இதனால் பவர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, குறைந்த கம்ப்ரஷன்: இந்த இன்ஜினுக்குச் சரியாகச் செட் செய்த பாயின்ட் கொடுக்கும் ஸ்பார்க்கே போதும். கிட் கொடுப்பது வேறு ஒன்றை. பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் கேமில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிட்டார்ட் ஆகும், அதாவது ஸ்பார்க் பிந்தும். 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைத்த இடைவெளி சில ஆயிரம் கிலோமீட்டரில் 0.25-க்கு வந்து நிற்கும். கண்டென்சர் பலவீனமானால் பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். அதற்குப் பிறகு இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் காட்டும் அளவே பொய்யாகிவிடும். கிட்டில் உரசும் பாகம் இல்லை. ஒரு முறை வைத்த டைமிங் வைத்த இடத்திலேயே நிற்கும். இதுதான் அதன் முழுப் பெருமை, அதுவே பெரிய பெருமைதான். 2000-களின் தொடக்கத்தில் எலெக்ட்ரா வந்தபோது கம்பெனியே எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறியதற்கும் இந்தப் பராமரிப்புத் தொல்லை ஒரு நல்ல காரணம்.

இனி முன்வேலை. 6 வோல்ட் வண்டி என்றால் முதலில் 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள், கிட் அப்புறம். பழைய வண்டிகளில் பேட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது (வண்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கிறது) என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் எர்த் கிட்டை இணைத்தால், சாவியைத் திருப்பிய அந்த நொடியோடு மாட்யூலின் கதை முடிந்தது. பாயின்ட்டுக்கு எந்த முனை எர்த் என்பதைப் பற்றி அக்கறை இல்லை. டிரான்சிஸ்டருக்கு உண்டு.

அடுத்து மல்டிமீட்டர். சாவியை ஆன் செய்து, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில், பேட்டரி முனையில் ஒரு அளவும் காயிலின் பாசிட்டிவ் முனையில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பழைய புல்லட்டில் ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் சாவி ஸ்விட்ச், ஆம்ப் மீட்டரின் திருகு முனைகள், பச்சை பூத்த குண்டு வடிவ வயர் கனெக்டர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்னும். பேட்டரியில் 12.4 இருக்க, காயிலுக்கு 11-தான் வரும். பாயின்ட் இதைப் பொறுத்துக்கொள்ளும், பலவீனமான ஸ்பார்க்காவது தரும். மாட்யூலுக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. வோல்ட் அதற்குக் கீழே போனால் ஸ்பார்க் வராது, அல்லது தவறான நேரத்தில் வரும். தவறான நேரத்து ஸ்பார்க் என்றால் கிக்கர் திருப்பி அடிக்கும் என்று பொருள். கணுக்கால் போகிற விஷயம் இது.

தீர்வு சுலபம்: ஒரு 12 வோல்ட் ரிலே, 10 ஆம்ப் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக ஒரு கனமான வயர். சாவி ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும், காயிலுக்கும் மாட்யூலுக்கும் கரண்ட் நேரே போகட்டும். எர்த்தையும் இதேபோலச் செய்யுங்கள். மாட்யூலின் எர்த்தை ஃபிரேமில் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாமல் இன்ஜினில் ஒரு போல்ட்டுக்கும், அங்கிருந்து பேட்டரி முனைக்கும் தனி வயராகக் கொண்டுபோங்கள். பவுடர் கோட்டிங் செய்த ஃபிரேமில் எர்த் பிடிக்கவே பிடிக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும் வண்டிகளில்தான் இந்தக் கோளாறு அதிகம்.

ரெக்டிஃபையரையும் விட்டுவிடாதீர்கள். ரேஸ் கொடுத்து 2500 ஆர்பிஎம் அளவில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியில்லை, அதோடு கிட் போடுவது காசைத் தீயில் போடுவது போல. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

காயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரைமரி ரெசிஸ்டன்ஸ் 3 ஓமுக்குக் குறையக் கூடாது. 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்ப். ஸ்பார்க் பலமாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 1.5 ஓம் கார் காயிலை மாட்டினால் 8 ஆம்ப் பாயும். அதைத் தாங்கும்படி இந்த மாட்யூல்கள் செய்யப்படவில்லை. பிளக் கேப் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்கட்டும். வெறும் செம்புக் கம்பியும் சாதாரண கேப்பும் போட்டால், ஸ்பார்க்கின் ரேடியோ இரைச்சல் சென்சார் வயரில் ஏறி மாட்யூலைக் குழப்பும். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. போதும்.

கடைசி முன்வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்: கேம் உட்காரும் அச்சான ஸ்பிண்டிலின் ஆட்டம். பாயின்ட் தகட்டைக் கழற்றியதும் ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. காந்தம் மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 0.1 மி.மீ. ஆட்டம் ஸ்பிண்டிலில் அரை டிகிரி. ஸ்பிண்டில், பிஸ்டனால் சுழலும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்கில் அதுவே 1 டிகிரி. 0.3 மி.மீ. ஆடும் ஸ்பிண்டிலில் எந்தக் கிட்டைப் போட்டாலும் டைமிங் குதித்துக்கொண்டேதான் இருக்கும். சேலத்தில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஹவுசிங்கையும் ஸ்பிண்டிலையும் சேர்த்துக் கொடுத்து கன்மெட்டல் புஷ் கடைந்து போடச் சொல்லுங்கள். கிட்டின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

இப்போது பூட்டும் வேலை. முழு அட்வான்ஸ் எங்கே என்று தெரியாமல் இதைத் தொடங்கக் கூடாது. புல்லட்டில் அதற்கென்று குறி எதுவும் கிடையாது, நாம்தான் போட வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால், அதன் வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு, பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல்நிலையைப் பார்ப்பது வெறும் குத்துமதிப்பு. மேல்நிலைக்குப் பக்கத்தில் கிராங்க் பல டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியவே தெரியாது. 0.8 மி.மீ. முன்னால் என்று பழைய மேனுவல் சொல்லும் அளவு கிராங்கில் கிட்டத்தட்ட 10 டிகிரி. குத்துமதிப்பில் அதில் பாதி காணாமல் போய்விடும்.

சரியான வழி இது. இடது ஃபுட் ரெஸ்ட், பிரேக் பெடல் கழற்றி, பிரைமரி செயின் கேஸின் ஆயிலை வடித்து, நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைத் திறந்து மூடியை எடுங்கள். ஆல்டர்னேட்டர் ரோட்டர் கிராங்கின் முனையிலேயே இருக்கிறது. ஒரு பழைய சிடியில் 360 டிகிரி அச்சடித்த தாளை ஒட்டி ரோட்டர் நட்டில் பொருத்துங்கள். சிடியின் விட்டம் 120 மி.மீ. என்பதால் அதன் ஓரத்தில் 1 டிகிரி ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும். கண்ணுக்குச் சுகமான அளவு. ஸ்டேட்டர் போல்ட்டில் ஒரு கம்பியை வளைத்துக் கட்டி முள்ளாக வையுங்கள்.

பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த இரும்புக் கூட்டில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பற்றவைத்தால் பிஸ்டன் ஸ்டாப்பர் தயார். அதைப் பிளக் துளையில் பூட்டி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கிக்கரில் கால் வைக்கவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும். பிஸ்டன் ஸ்டாப்பரில் முட்டும் இடத்தைச் சிடியில் படியுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தைப் படியுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்று வந்தால், கூட்டினால் 82, பாதி 41. இரண்டு பக்கமும் 41 காட்டும்படி சிடியை 3 டிகிரி நகர்த்திவிட்டால் பூஜ்யம் இருக்கும் இடம்தான் உண்மையான மேல்நிலை. ஸ்டாப்பரைக் கழற்றிவிடுங்கள்.

இடது பக்கமிருந்து பார்த்தால் இன்ஜின் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தத் திசையில் மேல்நிலைக்கு 10 டிகிரி முன்னால், 30 முன்னால், 32 முன்னால் என்று மூன்று இடத்தில் ரோட்டர் முகத்தில் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடும், அதற்கு எதிரே ஸ்டேட்டரில் ஒரு கோடும் போடுங்கள். 30, 32 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும் என்பதால் ஒன்றுக்கு வேறு நிறம் நல்லது. இந்தக் கோடுகள் வண்டியின் ஆயுளுக்கும் உதவும். கிட்டே போடாவிட்டாலும் இந்த ஒரு வேலையைச் செய்துவைக்கலாம்.

இன்ஜினை 30 கோட்டில் நிறுத்துங்கள். நிறுத்தும்போது எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே வந்து நிற்க வேண்டும். தாண்டிவிட்டால், கால் சுற்று பின்னால் போய் மறுபடி வாருங்கள். டைமிங் பக்கப் பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் லூஸ் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் ஸ்பிண்டில் இருக்கும் இடம் உண்மையாக இருக்கும். பாப் வெயிட், கேம் இரண்டையும் எடுத்துவிட்டு ரோட்டரை மாட்டுங்கள். சென்சார் தகட்டை அதன் நீளத் துளையின் நடுவில் வைத்து, காந்தம் சென்சாருக்கு நேரே வரும்படி ரோட்டரைத் திருப்பி, நடுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போது ரோட்டரும் கூடவே கொஞ்சம் திரும்பும். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள், தேவையானால் தளர்த்தி மறுபடி வையுங்கள். ரோட்டருக்கும் சென்சாருக்கும் இடையே முழுச் சுற்றிலும் உரசல் இருக்கக் கூடாது. இரண்டு காந்தம் இருப்பதால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கா, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கா என்று தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பார்க் வரும், எக்ஸாஸ்டில் வருவது வீணாகப் போகும், கெடுதல் இல்லை. ஒற்றைக் காந்தக் கிட் என்றால் கம்ப்ரஷனைப் பார்த்தே வைக்க வேண்டும். மாறிப்போனால் வண்டி கிளம்பாது, கார்புரேட்டரிலும் சைலன்சரிலும் டப் டப்பென்று வெடிக்கும்.

சென்சார் தகட்டை 1 மி.மீ. நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை மனதில் வையுங்கள். தகட்டின் ஓரம் 25 மி.மீ. ஆரம் என்றால், அங்கே 1 மி.மீ. என்பது ஸ்பிண்டிலில் 2.3 டிகிரி, கிராங்கில் 4.6 டிகிரி. அதனால் தட்டித் தட்டி வைப்பது சரிப்படாது. திருகை அரைகுறையாகத் தளர்த்தி, நகம் அளவு நகர்த்தி, மறுபடி லைட் பிடிக்க வேண்டும்.

டைமிங் லைட்டில் சாதாரண வகையே போதும். டிகிரியைத் திருப்பி வைத்துப் படிக்கும் விலை உயர்ந்த லைட், சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் வரும் இந்த வண்டியில் தப்பான கணக்குக் காட்டலாம். லைட்டுக்கு வண்டியின் பேட்டரியை விட்டுவிட்டு வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுங்கள். செயினுக்கு பிரஷ்ஷால் ஆயில் தடவி, மூடி இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். சட்டை நுனி, துணி எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது. ஐடிலில் 10 கோட்டின் பக்கத்தில் குறி நிற்கும். ரேஸ் ஏற ஏறக் குறி நகர்ந்து 3500 ஆர்பிஎம் அளவில் நின்றுவிட வேண்டும். நிற்கும் இடம் 30. ஐடிலில் ஒன்றிரண்டு டிகிரி கூடக் குறைய இருந்தால் விட்டுவிடுங்கள். அது மாட்யூலில் எழுதிவைத்தது, நம் கையில் இல்லை. முழு அட்வான்ஸ்தான் பிஸ்டனைக் காப்பது. குறி ஒரே இடத்தில் நிற்காமல் 4, 5 டிகிரிக்கு நடனமாடினால் மாட்யூலைக் குறை சொல்லாதீர்கள், மேலே சொன்ன புஷ்ஷிடம் போங்கள்.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்யூலை டேங்குக்கு அடியில், ஹெட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் அங்கே சூடு இறங்கவே இறங்காது. டூல் பாக்ஸுக்குள் உலோகத்தோடு ஒட்டி போல்ட் போடுங்கள். சென்சார் வயரை இன்ஜினிலிருந்து ஃபிரேமுக்குத் தாவும் இடத்தில் சின்ன வளையமாகத் தளர விட்டுக் கட்டுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால், வெளியே பிளாஸ்டிக் நன்றாக இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்துவிடும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கிட்டின் தரத்தை அறிய ஒரு சோதனை உண்டு. ரிலே போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், பிறகு கரண்ட் ஆம்ப் மீட்டர் வழியாகப் போகாது. சாவியை ஆன் செய்துவிட்டு கிக் அடிக்காமல் ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, இரண்டு மூன்று நொடியில் தானாகவே நடுவுக்குத் திரும்பினால் நல்ல மாட்யூல். இன்ஜின் ஓடவில்லை என்று தெரிந்து காயிலை அணைக்கிறது. முள் சாய்ந்தே கிடந்தால், சாவியை மறந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காயில் கொதிக்கும், பேட்டரி இறங்கும். அந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு இழப்பும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. பாயின்ட் புல்லட்டில் கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்குத் துள்ளும் இடத்தைப் பார்த்து, கம்ப்ரஷனை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து ஒரு நூல் தள்ளி, விட்டு உதைப்பதுதான் காலகாலமான முறை. இனி முள் அந்த இடத்தைக் காட்டாது. கம்ப்ரஷனைக் காலால்தான் உணர வேண்டும். தயங்கிய அரைக் கிக்கில் மாட்யூல் விழிக்காது, முழுக் கிக்தான். பழகிவிட்டால் குளிர்ந்த இன்ஜின் ஒன்று, இரண்டு கிக்கில் பிடிக்கிறது. அதைக் கிட்டின் பெயரிலேயே எழுதலாம்.

ஐடில் கொஞ்சம் ஏறி நிற்கும். திராட்டில் ஸ்குரூவைக் குறைத்து 900 முதல் 1000 ஆர்பிஎம் அளவில் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அட்வான்ஸ் ஏறத் தொடங்கும் இடத்தில் ஐடில் போய் உட்காரும். ரேஸ் ஏறினால் அட்வான்ஸ், அட்வான்ஸ் ஏறினால் ரேஸ் என்று ஐந்து ரோடு சிக்னலில் வண்டி தானாக ஏறி இறங்கும். கார்புரேட்டரைத் திறந்து பார்த்துப் பயனில்லை.

சாலையில் ட்யூன் செய்ய நமக்கு இருப்பதைப் போன்ற இடம் எல்லோருக்கும் வாய்க்காது. ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் வரை விடாத ஏற்றம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, முதல் சில வளைவுகளுக்கு இடையே மூன்றாவது கியரில், குறைந்த ரேஸில், ஒரு ஆளைப் பின்னால் வைத்து ஏற்றுங்கள். திராட்டிலை முக்கால் திறக்கும்போது டேங்குக்கு அடியிலிருந்து கண்ணாடிக் குண்டுகளைத் தகர டப்பாவில் குலுக்கியதுபோல் மெல்லிய சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வால்வு டேப்பட் சத்தம் திராட்டிலை மூடினாலும் இருக்கும், அந்தக் குண்டுச் சத்தமான நாக்கிங் உடனே நின்றுவிடும். நாக்கிங் வந்தால் 2 டிகிரி குறையுங்கள். 30-ல் சுத்தமாக இருந்து இழுவை போதவில்லை என்றால் 32 வரை போகலாம். அதற்கு மேல் போக இந்த இன்ஜினுக்கு அவசியமே இல்லை. எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: சைலன்சர் பைப் வளைவு நீலம் பூத்து, ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகி, வண்டி மந்தமாக ஏறினால் ரிட்டார்ட்.

இந்தச் சோதனையைக் கீழேதான் செய்ய வேண்டும், அதுவும் வெயில் நேரத்தில். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால் நாக்கிங்கும் குறையும். ஏரிப்பக்கம் குளிர்ந்த காற்றில் நின்று டைமிங்கை ஏற்றி வைத்துவிட்டு அருமையாக ஓடுகிறது என்று இறங்கி வந்தால், மறுநாள் மதியம் அஸ்தம்பட்டி வெயிலில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தட்டும். மேலே போனதும் வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடி, பிளக் கறுத்தால், டைமிங்கைத் தொடாதீர்கள். காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிட்டது, அது கார்புரேட்டர் சங்கதி.

சில கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். நன்றாக ஓடி அரை மணியில் நின்று, கால் மணி ஆறியதும் மறுபடி கிளம்பினால் சூட்டுக் கோளாறு. காயிலா மாட்யூலா என்று பிரிக்க, நின்ற உடனே காயில் பிரைமரியை ஓம் மீட்டரில் பாருங்கள். ஆறிய நிலையில் 3.0 ஓம் இருந்தது 80 டிகிரி சூட்டில் 3.6 வரை ஏறினால் அது செம்பின் இயல்பு, கோளாறு இல்லை. அளவே காட்டாமல் திறந்து கிடந்தால் காயில் போய்விட்டது. காயில் நன்றாக இருந்தால் பிளக்கை ஹெட்டில் வைத்து, ரோட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துச் சென்சார் முன்னால் காந்தத்தை வீசிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பார்க் வர வேண்டும். பிளக் ஹெட்டில் எர்த் ஆகாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. வெளியேற வழியில்லாத ஹை டென்ஷன் திரும்பி வந்து மாட்யூலையே கொன்றுவிடும். ஹாரன் அடித்தாலோ பிரேக் லைட் எரிந்தாலோ மிஸ்ஸிங் வந்தால் அது வோல்ட் பிரச்சினை, கிட்டைக் கழற்ற வேண்டாம். மலையில் பனி இறங்கும் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் பிளக் கேப்பின் ரப்பரைப் பாருங்கள், ஈரம் அங்கேதான் நுழையும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கும், வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர்களுக்கும், எஸ்டேட் வேலைக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கிட் தாராளமாகப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துத் துடைத்து ஒரு சுற்று வருபவர்களுக்கு அவசரமில்லை. நல்ல பாயின்ட் செட்டும் தரமான கண்டென்சரும் போதும். வாரம் முழுக்க நின்று பேட்டரி இறங்கிய வண்டியில் பாயின்ட்தான் இன்னும் நம்பகம்.

கழற்றிய பாயின்ட் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கண்டென்சர், கேம், பாப் வெயிட், ஸ்பிரிங், அவற்றின் திருகுகள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, 0.38 மி.மீ. ஃபில்லர் இலை ஒன்றும் வைத்து, டூல் பாக்ஸில் கட்டிவிடுங்கள். கழற்றும் முன்பே பழைய தகடு இருந்த இடத்தை ஹவுசிங்கில் ஒரு கீறலால் குறித்திருந்தால், பதினைந்தாவது வளைவில் மாட்யூல் போனாலும் ஓரமாக நிறுத்தி அரை மணியில் மாற்றிக்கொண்டு ஏரி வரை போய்விடலாம்.